சிங்கப்பூர் – நியூயார்க்: 15,349 கி.மீ. தூரத்துக்கு 17 மணியா, 18¾ மணியா, 19½ மணியா?

மாலைவானம் கேட்டது:

ஜனவரியில் அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகிறார்கள். டிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. தூரம் கணக்கிடும் தளம் ஒன்று 15,349 கி.மீ., பறக்கும் நேரம் 19 மணி 34 நிமிடம் என்கிறது. மணிக்கு 900 கி.மீ. என்று நானே வகுத்துப் பார்த்தால் 17 மணிதான் வருகிறது. டிக்கெட்டில் போக 18 மணி 40 நிமிடம், திரும்ப 18 மணி 50 நிமிடம். இதில் எதை நம்புவது?

தேதியும் குழப்புகிறது. போகும்போது 10ஆம் தேதி இரவு 23:35க்குக் கிளம்பி 11ஆம் தேதி காலை 05:15க்கு இறங்குகிறார்கள். பார்த்தால் ஐந்தே முக்கால் மணிப் பயணம் மாதிரி இருக்கிறது. திரும்பும்போது இரவு 22:30க்கு ஏறினால் இரண்டு நாள் கழித்துக் காலை 06:20க்குத்தான் சிங்கப்பூர்!

விமானம் எந்தப் பக்கமாகப் போகும், ஐரோப்பா வழியாகவா, ஜப்பான் வழியாகவா? எழுபதை ஒட்டிய வயதுக்காரர்களுக்கு நிற்காமல் போவது நல்லதா, நடுவில் ஓரிடத்தில் இறங்கி ஏறுவது நல்லதா? நியூயார்க் பக்கத்து விமான நிலையங்களான ஜேஎஃப்கே, நூவர்க் இரண்டில் எது வசதி?

---

ஓடுதளம்02 பதில்:

நீங்கள் சொன்ன மூன்று நேரங்களும் அளப்பது மூன்று வெவ்வேறு விஷயங்களை. அதனால்தான் ஒத்துவரவில்லை.

முதலில் தூரம். 15,349 கி.மீ. என்பது பூமி உருண்டையின் மேல் இரு விமான நிலையங்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் வரும் நீளம். இதற்குப் பெருவட்டத் தூரம் என்று பெயர். நீங்களே போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1.36 பாகை வடக்கு, 103.99 கிழக்கு. ஜேஎஃப்கே 40.64 வடக்கு, 73.78 மேற்கு. தீர்க்கரேகை வித்தியாசம் 177.77 பாகை. சைன் 1.36 × சைன் 40.64 = 0.0155. கொசைன் 1.36 × கொசைன் 40.64 × கொசைன் 177.77 = −0.7580. இரண்டையும் கூட்டினால் −0.7425. அந்தக் கொசைனுக்கு உரிய கோணம் கிட்டத்தட்ட 137.95 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்றால் 15,340 கி.மீ. பூமி துருவத்தில் சற்றுத் தட்டையாக இருப்பதையும் சேர்த்துத் துல்லியமாகப் போட்டால் 15,349. கைக்கணக்குக்கும் இதற்கும் 9 கி.மீ.தான் வித்தியாசம்.

அந்த 177.77ஐக் கவனியுங்கள். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய உருண்டையின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே நூல் கிழக்கிலும் போகாது, மேற்கிலும் போகாது. நேர் வடக்கே ஏறும். தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா, வட துருவத்துக்கு 280 கி.மீ. பக்கத்தில் ஆர்க்டிக் கடல், பிறகு கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரம், கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக், நியூயார்க். சுவரில் மாட்டிய வரைபடத்தில் இது தெரியாது, அதில் துருவமே சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

அடுத்தது வேகம். இந்தப் பாதையில் ஓடும் ஏர்பஸ் ஏ350 விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கும். அந்த உயரத்தில் குளிர் −56 பாகை, ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,062 கி.மீ. அப்படியானால் விமானம் 903. 15,349ஐ 903ஆல் வகுத்தால் சரியாக 17 மணி. உங்கள் கணக்கு தப்பில்லை, ஆனால் அது காற்றே வீசாத உலகத்துக்கான கணக்கு. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதும் அதில் இல்லை.

தளம் சொன்ன 19:34 எப்படி வந்தது என்றால், அந்த மாதிரித் தளங்கள் எல்லா விமானத்துக்கும் மணிக்கு 500 மைல், அதாவது 805 கி.மீ. என்று ஒரே வேகத்தை வைத்து, மேலே அரை மணி சேர்த்துவிடும். சென்னை – மதுரைக்கும் அதே சூத்திரம், நியூயார்க்குக்கும் அதே சூத்திரம். குறுகிய தூரத்தில் நேரம் குறைவாகக் காட்டும், நெடுந்தூரத்தில் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்க்கவே வேண்டாம்.

டிக்கெட்டில் இருப்பது பிளாக் டைம். விமானம் இங்கே கேட்டை விட்டு நகர்ந்த நிமிடத்திலிருந்து அங்கே கேட்டில் போய் நிற்கும் நிமிடம் வரை. ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, ஜேஎஃப்கேயில் இறங்கியபின் கேட் காலியாகும்வரை காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம். இரு முனையிலும் சேர்த்து 30–40 நிமிடம் இதிலேயே போகும். கூடவே அந்தப் பருவத்துக் காற்றையும், கொஞ்சம் தாமதம் தாங்கும் இடத்தையும் நிறுவனம் சேர்த்துப் போட்டிருக்கும். திட்டம் போட இந்த எண் ஒன்றுதான் உதவும். காற்று தோதாக அமைந்த நாளில் அரை மணி, முக்கால் மணி முன்கூட்டியே இறங்குவதும் உண்டு.

---

வடக்குவாடை பதில்:

தூரத்தை மேலே நண்பர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் விமானம் அந்த நூல் மேலேயே போகும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் போகாது.

காரணம் ஜெட் ஸ்ட்ரீம். நடு அட்சரேகைகளில், விமானம் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு அது. மணிக்கு 150, 200 கி.மீ. சர்வ சாதாரணம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே 300ஐத் தாண்டும். ஜனவரி என்றால் அது முழுப் பலத்தில் இருக்கும் மாதம்.

கணக்கு இப்படி வேலை செய்யும். சிங்கப்பூரிலிருந்து டோக்கியோ பக்கமாகப் போய், வட பசிபிக்கைக் கடந்து நியூயார்க் போனால், தூரம் 5,357 + 10,829 = 16,186 கி.மீ. நேர்வழியை விட 837 கி.மீ. கூடுதல், காற்றில்லாவிட்டால் 55 நிமிட நஷ்டம். ஆனால் வழி முழுக்கச் சராசரியாக மணிக்கு 80 கி.மீ. பின்காற்று கிடைத்தால் தரை வேகம் 983. 16,186 ÷ 983 = 16 மணி 28 நிமிடம். சுற்றிப் போனவர் நேரே போனவரை விட அரை மணி முந்திவிடுகிறார், எரிபொருளும் மிச்சம். அதனால் போகும் விமானம் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், தைவான், ஜப்பான் பக்கமாக ஏறி பசிபிக்கைக் கடக்கும். எந்த அட்சரேகையில் கடப்பது என்பது அன்றாடம் காற்று முன்னறிவிப்பைப் பார்த்து முடிவு செய்வது. இன்று அலாஸ்காவைத் தொட்டுப் போகும், நாளைக்கு இன்னும் தெற்கே.

திரும்பும்போது அதே வழியில் வந்தால் அதே காற்று முகத்தில் அடிக்கும். போக வரச் சமன் ஆகிவிடும் என்று சிலர் நினைப்பார்கள், ஆகாது. 100 கி.மீ. காற்று என்று வைத்துப் பாருங்கள்: போக 15,349 ÷ 1,003 = 15.3 மணி, வர 15,349 ÷ 803 = 19.1 மணி. கூட்டினால் 34.4. காற்றே இல்லாவிட்டால் 34. எதிர்க்காற்றில் கூடுதல் நேரம் மாட்டிக்கொள்வதால் எப்போதும் நஷ்டம்தான். அதனால் நியூயார்க்கிலிருந்து வரும் விமானம் பல நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா, மேற்காசியா, இந்தியப் பெருங்கடல் பக்கமாகக் கிழக்கு நோக்கியே வரும். உங்கள் அப்பா அம்மா இப்படிப் போய் இப்படி வந்தால் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்த கணக்கு!

துருவ வழி ஏன் ஓரம் போனது என்றால், காற்று மட்டும் காரணமில்லை. 2022 பிப்ரவரிக்குப் பிறகு பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்க்கின்றன. அது போனால் சைபீரியா வழியே நூல் பிடிக்க முடியாது. துருவத்துக்கே உரிய தொல்லைகளும் இருக்கின்றன. சுமார் 82 பாகைக்கு மேலே நிலநடுக்கோட்டின் மேல் நிற்கும் செயற்கைக்கோள்களின் தொடர்பு கிடைக்காது. சூரியப் புயல் வீசினால் குறுஅலை வானொலியும் படுத்துவிடும். எரிபொருள் உறைவது இன்னொன்று: சிங்கப்பூரில் நிரப்பும் ஜெட் ஏ-1 உறையும் அளவு −47 பாகை, அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ −40. அந்த ஏழு பாகை வித்தியாசம் திரும்பும் பயணத்தில்தான் கையைக் கடிக்கும்.

---

மாலைவானம்:

இரண்டு பேருக்கும் நன்றி. பசிபிக் வழி என்றால் சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டுவார்கள் இல்லையா? அப்போது ஒரு நாள் கூடுமா குறையுமா? திரும்பும்போது அட்லாண்டிக் வழி வந்தால் தேதி வேறு மாதிரி மாறுமா? இதில்தான் தலை சுற்றுகிறது.

---

கடிகாரக்கூடு பதில்:

தேதிக் கோட்டை மறந்துடுங்க. எந்த வழியா போனாலும் கிளம்பும் ஊர் மணி, இறங்கும் ஊர் மணி இரண்டும் மாறாது, அதனால விடையும் மாறாது. செய்ய வேண்டியது ஒன்னே ஒன்னு: கிளம்புற நேரத்தை இறங்குற ஊர் மணிக்கு மாத்துங்க, அப்புறம் பயண நேரத்தைக் கூட்டுங்க.

சிங்கப்பூர் மணி, யூ.டி.சி.ங்கிற உலகப் பொது நேரத்தோட கூட்டல் 8, வருஷம் முழுக்க அதேதான். நியூயார்க் குளிர்காலத்துல கழித்தல் 5, கோடையில கழித்தல் 4. ஆக வித்தியாசம் குளிர்காலத்துல 13 மணி, கோடையில 12. மார்ச் இரண்டாவது ஞாயிறு மாறும், நவம்பர் முதல் ஞாயிறு திரும்ப மாறும்.

போகும்போது: சிங்கப்பூர் 10ஆம் தேதி 23:35. அதுல 13 கழிச்சா நியூயார்க்குல 10ஆம் தேதி காலை 10:35. கூட 18:40 சேர்த்தா 11ஆம் தேதி 05:15. உங்க டிக்கெட்டோட பொருந்துதா?

வரும்போது நியூயார்க்குல 22:30க்கு ஏறுறாங்க. அந்த நிமிஷமே சிங்கப்பூர்ல மறுநாள் காலை 11:30. கூட 18:50 சேர்த்தா அதுக்கும் மறுநாள் 06:20. இதைத்தான் டிக்கெட்ல நேரத்துக்குப் பக்கத்துல சின்னதா +2ன்னு போட்டிருப்பாங்க. அந்த +2 கண்ணுல படாம விட்டுட்டு, ஏர்போர்ட்டுக்கு ஆள் அனுப்புற தேதியையும் சிங்கப்பூர்லேருந்து சென்னைக்குப் போற அடுத்த டிக்கெட்டையும் ஒரு நாள் முன்னாடி போட்டுடறது ரொம்ப சகஜமான தப்பு. அடுத்த விமானம் தனி டிக்கெட்டா இருந்தா அந்தப் பணம் போச்சு.

இன்னொன்னு, நவம்பர் முதல் வாரத்தையும் மார்ச் இரண்டாவது வாரத்தையும் ஒட்டிப் பயணம் இருந்தா, முன்பதிவு செஞ்ச அன்னிக்குப் பார்த்த நேரத்தை மனப்பாடமா வெச்சுக்காதீங்க. அட்டவணையே அந்த வாரத்துல மாறும். ஜனவரிக்கு அந்தக் கவலை இல்லை.

மாத்திரை விஷயம்: ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு "காலை ஒன்னு ராத்திரி ஒன்னு"ன்னு சாப்பிடுறவங்க, ராத்திரி ஏறி விடிகாலையில இறங்கினா காலை மாத்திரைக்கும் ராத்திரி மாத்திரைக்கும் நடுவுல எத்தனை மணின்னு தெரியாம திணறுவாங்க. சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, கடைசியா போட்டு எத்தனை மணி ஆச்சுன்னு பார்க்கணும். இன்சுலின் போடுறவங்களா இருந்தா டிக்கெட்டையே டாக்டர்கிட்ட காட்டி, இந்த மணிக்கு இவ்வளவுன்னு எழுதி வாங்கிடுங்க.

---

சீட்டுக்கட்டு பதில்:

நிற்காமலா, நின்றா என்ற கேள்விக்கு வருகிறேன்.

முதலில் ஒரு பொறி. "டைரக்ட்" என்றால் நிற்காது என்று பொருளில்லை. ஒரே விமான எண், நடுவில் ஓரிடத்தில் இறங்கினாலும் டைரக்ட்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் எஸ்கியூ 26 ஃபிராங்ஃபர்ட்டில் நின்று ஜேஎஃப்கே போகும். எஸ்கியூ 24 நிற்காமல் போகும். ஃபிராங்ஃபர்ட் வழி 10,277 + 6,197 = 16,474 கி.மீ., மொத்தம் 23–24 மணி நேரம். தேடும்போது "நான்ஸ்டாப்" என்ற பெட்டியைத் தட்டினால்தான் பிரிந்து வரும்.

நிற்காத விமானத்தில் சாதாரண எகானமி வகுப்பு கிடையாது. ஏ350-900 யூ.எல்.ஆர். எனும் அதிநெடுந்தூர ரகத்தில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, ஆக 161 இருக்கைதான். நிறுவனத்துக்குக் கருமித்தனம் என்று நினைக்க வேண்டாம், எடைக் கணக்கு அப்படி. வழக்கமான ஏ350-900இல் 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும், இதில் 1,65,000 லிட்டர். எடையாகப் பார்த்தால் ஏறத்தாழ 130 டன். கிளம்பும்போது விமானத்தின் உச்ச எடை 280 டன், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு எரிபொருளே. அதனால் ஆட்கள் குறைவு, முன்பக்கச் சரக்கு அறையும் மூடல். 2004 முதல் 2013 வரை இதே பாதையில் நூவர்க்குக்கு ஏ340-500 ஓடியது. நாலு என்ஜின் குடித்த எரிபொருளில் கட்டுப்படியாகாமல் நிறுத்தினார்கள். 2018 அக்டோபர் 11 அன்று இரண்டு என்ஜின் ஏ350 வந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. ஜேஎஃப்கேக்கு நிற்காத சேவை 2020 நவம்பரில் வந்தது.

எழுபது வயதுக்காரர்களுக்கு என் கட்சி நிற்காத விமானம்தான், பிரீமியம் எகானமி பணம் கட்டுப்படியானால். "நடுவில் இறங்கிக் காலை நீட்டலாமே" என்பார்கள். நடைமுறையில் அந்த இரண்டு மணி நேரம் காலை நீட்டுவதில் போகாது. நள்ளிரவில் எழுந்து, பையைத் தூக்கி, பாதுகாப்புச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றி மாட்டி, அடுத்த கேட்டைத் தேடுவதில் போகும். ஓர வழி இருக்கை எடுத்துக்கொடுத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொன்னால் போதும். ரத்தம் உறையும் நோய் முன்பு இருந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது.

பணம் இடித்தால் துபாய் வழி பாருங்கள். 5,842 + 11,022 = 16,864 கி.மீ. இறங்கி ஏறும் நேரத்தையும் சேர்த்தால் 22 மணியிலிருந்து மேலே போகும். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும், அப்போதுதான் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு, பெட்டியும் நேரே நியூயார்க் போகும்.

சான்ஃபிரான்சிஸ்கோ வழி மலிவாகத் தெரியலாம். 13,593 கி.மீ. ஒரே மூச்சில் பறந்து, அங்கிருந்து நூவர்க் இன்னொரு 4,128. வயதானவர்களைத் தனியாக இந்த வழியில் அனுப்பாதீர்கள். அமெரிக்காவில் முதலில் கால் வைக்கும் ஊரிலேயே குடிநுழைவு, பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி ஒப்படைப்பது, திரும்பப் பாதுகாப்புச் சோதனை என்று எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். மூன்று மணிக்குக் குறைவான இடைவெளி கொண்ட டிக்கெட்டை விற்பார்கள்தான், வாங்காதீர்கள்.

---

பொடிநடை பதில்:

மேலே சொன்னதோடு ஒன்று: சக்கர நாற்காலி உதவியைப் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்னாடியே நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள். நடக்க முடிந்தவர்களுக்கும் ஜேஎஃப்கேயில் இது பெரிய உதவி. குடிநுழைவு வரிசைக்கும் பெட்டி வரும் இடத்துக்கும் ஆள் கூடவே வருவார், மொழிச் சிக்கலும் குறையும்.

ஜேஎஃப்கேயா நூவர்க்கா என்பதைத் தூரம் தீர்மானிக்காது. இரண்டுக்கும் 5 கி.மீ.தான் வித்தியாசம். இறங்கியபின் எங்கே போகிறார்கள் என்பதுதான் கேள்வி. நியூஜெர்சியில் எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் பிள்ளைகள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நூவர்க். குயின்ஸ், லாங் ஐலண்ட் என்றால் ஜேஎஃப்கே. மன்ஹாட்டன் என்றால் இரண்டும் ஒன்றுதான். ஜேஎஃப்கேயிலிருந்து ஏர்டிரெயினில் ஜமைக்கா வந்து லாங் ஐலண்ட் ரயில் பிடிக்கலாம், நூவர்க்கிலிருந்து ஏர்டிரெயினும் என்ஜே டிரான்சிட் ரயிலும். பெட்டியோடு வரும் பெரியவர்களுக்கு ரயில் வேண்டாம், கார்தான்.

---

மாலைவானம்:

தம்பி எடிசனில் இருக்கிறான், ஆகவே நூவர்க் என்று முடிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: 05:15 என்றால் அவன் எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும்?

---

ஓடுதளம்02 பதில்:

முதலில் டிக்கெட்டைத் திரும்பப் பாருங்கள். நூவர்க் போவது வேறு விமானம், எஸ்கியூ 22. நீங்கள் போட்டிருக்கும் நேரம் ஜேஎஃப்கேயுடையது என்றால் அது கொஞ்சம் மாறும். கணக்கு முறை ஒன்றுதான்.

அட்டவணை நேரத்தை வைத்துத் தம்பி கிளம்ப வேண்டாம். காலையில் எழுந்ததும் விமான எண்ணை ஏதாவது ஒரு கண்காணிப்புத் தளத்தில் போட்டு, எதிர்பார்க்கும் தரையிறங்கும் நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் விமானம் கனடா எல்லைப் பக்கம் வந்திருக்கும், நேரம் அதிகம் பிசகாது. தரையிறங்கிக் கேட்டுக்கு வர 10–15 நிமிடம், குடிநுழைவுக்கு முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி, பெட்டிக்கு அரை மணி வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் எல்லாரும் இறங்கியபின் கடைசியாகத்தான் அழைத்து வருவார்கள், அதற்கு இன்னும் 15 நிமிடம். தரையிறங்கி ஒன்றரை மணி கழித்து டெர்மினல் பி வருகைத் தளத்தில் நின்றால் போதும். எடிசனிலிருந்து அந்த நேரத்தில் அரை மணி, முக்கால் மணி ஓட்டம். விமானம் தரை தொட்டதைப் பார்த்துவிட்டே வண்டியை எடுக்கலாம். ஜனவரி என்பதால் இரண்டு கனத்த கோட்டுகளை வண்டியில் போட்டுக்கொண்டு போகட்டும். அவற்றைச் சிங்கப்பூரிலிருந்து பெட்டியில் அடைத்துச் சுமக்க வேண்டியதில்லை.